கால்வாய்க்குள் போன மீன்கூடு

சந்திரமௌலி மெல்பேணிலிருந்து தங்கையைப் பார்க்க வந்தபோது, சட்டைகளுக்கு நடுவில் ஒரு மீன்கூட்டையும் மடித்துக் கொண்டுவந்திருந்தார். குடையைப் போல விரிகிற கறுப்பு வலைக்கூடு. இரண்டு பக்கமும் உள்நோக்கி ஒடுங்கிய வாய். சின்ன மீன் உள்ளே போய்விடும். திரும்பி வர அதற்கு வழி தெரியாது. கெல்சென்கிர்ச்சன் நகரில் ட்ராம் ஓட்டும் தங்கை சிவானுஜா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதை ஏனண்ணை இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தனீங்கள்?”

“நீ மீன் பிடிக்கிறனி எண்டு சொன்னனிதானே. அங்க இதுக்குள்ள பாணைப் பிச்சுப் போட்டுத்தான் குஞ்சு மீன் பிடிக்கிறனாங்கள். உயிரோட தூண்டிலில கொழுவி விட்டா பிளாட்ஹெட் விடாது. தட்டைத் தலையை வைச்சுக்கொண்டு மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். மேலால ஒண்டு துடிச்சுக்கொண்டு போனாப் போதும், ஒரே பாய்ச்சல்.”

சொல்லும்போதே அவருடைய கை மேசைமேல் பாய்ந்தது. வந்து மூன்று நாளில் அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் வெளித்தது. சிவானுஜாவுக்கு மறுத்துச் சொல்ல மனமில்லை. ஆனாலும் சொன்னாள்.

“இஞ்ச உயிர்மீனைத் தூண்டிலில கொழுவேலாது. சட்டம். கூடு வைக்கவும் என்ரை அனுமதி அட்டையில இடமில்லை. சின்ன வலையால அள்ளிப் பிடிக்கலாம், உடனே சாக்காட்டிப்போட்டுத்தான் கொழுவலாம்.”

“செத்த மீனையோ?”

“ஓம்.”

“செத்த மீனை எந்த மீனடி தின்னும்?”

“சாண்டர் எண்ட மீன் தின்னும். வாங்கோ, காட்டுறன். ஆனால் நீங்கள் தூண்டிலைத் தொடக்கூடாது. உங்களிட்டை இங்கத்தை லைசென்ஸ் இல்லை.”

அண்ணன் சிரித்தார். “ஓம், ஓம்,” என்றார். அந்த இரண்டாவது ஓமில் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கவேண்டும் என்று அவள் பிறகு நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை இருவரும் றைன்-ஹேர்ன கால்வாய்க்குப் போனார்கள். இரவு மழை பெய்து விட்டிருந்தது. கரையில் அடுக்கியிருந்த கருங்கற்கள் வழுக்கின. சிவானுஜா நாலு மூலையும் கம்பியால் விரிந்த சதுர வலையைக் கற்களை ஒட்டித் தாழ்த்தினாள். கொஞ்ச நேரம் பொறுத்து நேரே மேலே தூக்கினாள். வலையின் நடுவில் உளுவைகள் துள்ளின. பெரிய தலை, கறுத்த உடல், விரலளவு நீளம். எங்கிருந்தோ கப்பல்களோடு வந்து சேர்ந்து இந்தக் கற்களுக்கு அடியில் பெருகிவிட்ட மீன்கள். வேண்டியதை மட்டும் எடுத்து, தலையில் ஒரு தட்டுத் தட்டிக் கொன்று, ஒன்றைத் தூண்டிலில் கொழுவி அடித்தண்ணீருக்கு அனுப்பினாள்.

சந்திரமௌலி மடக்குக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். இருபது முறையாவது வாயைத் திறந்து மூடியிருப்பார். “இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போட்டிருக்கலாம்,” என்றார். “ஈயம் கூடிப்போச்சோ?” என்றார். அவள் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூண்டில்காரனைக் கதிரையில் சும்மா இருத்துவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவளுக்கும் தெரியும்.

“காலை நீட்டிப்போட்டு வாறன்,” என்று அவர் பையையும் எடுத்துக்கொண்டு கரையோரப் பற்றைச் செடிகளுக்கு அப்பால் நடந்தார். திரும்பி வரும்போது சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. புல்லின் ஈரமாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் நிலக்கரி ஏற்றிய நீளமான சரக்குக் கப்பல் ஒன்று வந்தது. அது நெருங்க நெருங்கக் கால்வாய்த் தண்ணீர் கரையை விட்டு இறங்கியது. யாரோ அடியில் இருந்து உறிஞ்சுவதுபோல் கற்களின் பாசி வெளியே தெரிந்தது. பிறகு எல்லாத் தண்ணீரும் கப்பலுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு ஓடியது. சிவானுஜா தூண்டிலைத் தூக்கிப் பிடித்தாள். இது இங்கே வழக்கமானதுதான்.

சந்திரமௌலி கதிரையிலிருந்து எழும்பினார். “ஐயோ,” என்றார். அடுத்த கணம் பற்றைப் பக்கம் ஓடினார்.

அவள் போய்ப் பார்த்தபோது அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் அறுந்த நைலோன் கயிற்றின் ஒரு முழம். மறுமுனை ஒரு கல்லிலே இறுக்கிக் கட்டியபடி இருந்தது.

“கூடு வைச்சனீங்களோ?”

அவர் கயிற்றின் அறுந்த நுனியைப் பார்த்தார்.

“அண்ணை, நான் உங்களுக்குச் சொன்னனான்.”

“சொன்னனி. சும்மா என்ன விழுகுதெண்டு பாத்துப்போட்டுத் திருப்பி விடலாம் எண்டு நினைச்சன்.”

சிவானுஜாவுக்குக் கோபம் வந்தது. ட்ராமில் ஆட்கள் என்ன கத்தினாலும் வராத கோபம். “மேல வாங்கோ முதல்ல. வழுக்கும்,” என்றாள். அவர் கையைப் பிடித்து ஏற்றினாள். பெரிய உடம்பு. சப்பாத்துக்குள் இருந்து தண்ணீர் சளக்கென்று வந்தது.

“இஞ்சதான் எங்கயோ கிடக்கும். அப்பிடியே விடேலாது,” என்றாள் அவள். “ஒண்டு போய்ச் சாகும், அதைத் தின்ன இன்னொண்டு போகும், அதுவும் சாகும். ஆரும் தூக்காத கூடு சும்மா சாக்காட்டிக்கொண்டே இருக்கும்.”

“என்ன செய்யப் போறாய்?”

“பேனாட் அண்ணைக்குப் போன் அடிக்கப்போறன்.”

பேனாட் அவளுடைய தூண்டில் சங்கத்தில் இருந்த இன்னொரு தமிழர். சங்கத்தின் சார்பில் கரையோரம் திரிந்து அனுமதி அட்டைகளைப் பார்க்கிறவரும் அவர்தான் என்று அவள் அண்ணனுக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

“அந்தாளுக்கோ? உன்ரை அட்டையைப் பறிச்சா?”

“பறிச்சாப் பறிக்கட்டும்.”

“பதினைஞ்சு டொலர் கூடு பிள்ளை,” என்றார் சந்திரமௌலி. கற்களின்மேல் மெல்ல உட்கார்ந்து அறுந்த கயிற்றை விரலில் சுற்றினார். “அது சுலக்ஷன்ரை.”

சுலக்ஷன் அவருடைய ஒரே மகன். பல்கலைக்கழகத்தில் பாதிப் படிப்பை விட்டுவிட்டு, வடக்கே டார்வினில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கப் போய்விட்டான் என்பது மட்டும் சிவானுஜாவுக்குத் தெரியும். அதைக்கூட வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

“போகேக்க ஷெட்டுக்குள்ள விட்டிட்டுப் போட்டான்,” என்றார். “நாங்கள் ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையளில போறனாங்கள். கூடு வைக்கிறது அவன், மீன் பிடிக்கிறது நான். கடைசியா நான் சொன்ன சொல்லு சரியில்லை. இனி என்ரை வீட்டு வாசலை மிதிக்காதை எண்டன். அவனும் மிதிக்கேல்லை.”

“எவ்வளவு காலம்?”

“ரெண்டாவது வருசம் ஓடுது.”

சிவானுஜா பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தாள். கோபம் எங்கோ போய்விட்டது. ஆனாலும் தொலைபேசியை எடுத்துப் பேனாட்டைக் கூப்பிட்டாள். நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள்.

பேனாட் சைக்கிளில் வந்தார். அறுபது வயது, வெள்ளை மீசை. பின்னால் கூடைக்குள் நாலு கொக்கி வைத்த இரும்பு, அதோடு நீளக் கயிறு. சந்திரமௌலியை ஏற இறங்கப் பார்த்தார். “வெளிநாட்டுத் தண்ணிக்கு வந்தா உள்ளூர்க்காரர் சொல்லுறதைக் கேக்கவேணும் அண்ணை,” என்றார். சந்திரமௌலி தலையை ஆட்டினார்.

கொக்கியை எறிந்து மெதுவாக இழுத்தார்கள். முதலில் பாசி வந்தது. பிறகு ஒரு சைக்கிள் டயர். கப்பல் இழுத்த பக்கமாக நடந்து நடந்து எறிந்தார்கள். சந்திரமௌலிக்குத் தோள் நோவு. ஆனாலும் பேனாட்டிடம் கேட்டுக் கயிற்றை வாங்கி எறிந்தார். மேகம் விலகி வெயில் வந்த நேரம் கொக்கியில் ஏதோ பிடித்தது. கனமாக, மெத்தென்று வந்தது. கூடு. ஒரு பக்கக் கம்பி வளைந்து, முழுக்கச் சேறாக.

உள்ளே உளுவைகள் நெளிந்தன. அவற்றுக்கு நடுவில் பென்சில் தடிப்பில் ஒரு விலாங்குக் குஞ்சு. பேனாட் கூட்டை அவிழ்த்து, ஈரக் கையால் அதை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். அது கற்களுக்கு இடையில் ஒரு கோடாகி மறைந்தது.

“இதுக்காகத்தான் கூடு வேண்டாம் எண்டுறது,” என்றார். பிறகு சிவானுஜாவைப் பார்த்தார். “தங்கச்சி, நான் இதைச் சங்கத்தில சொல்லத்தான் வேணும்.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“நீங்களாவே கூப்பிட்டனீங்கள் எண்டும் சொல்லுவன். என்ன முடிவெடுப்பினமோ தெரியாது. வாற சனிக்கிழமை கரை துப்பரவாக்கிற நாள். நீங்கள் வாங்கோ. இவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“எனக்கு வியாழக்கிழமை பிளைட்,” என்றார் சந்திரமௌலி.

பேனாட் கொக்கியைக் கூடைக்குள் வைத்தார். சந்திரமௌலி தன் நனைந்த சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார்.

“மாத்தலாம்,” என்றார் கடைசியில்.

பேனாட் போனபிறகு சிவானுஜா தூண்டிலைத் திருப்பிப் போட்டாள். அண்ணன் போத்தல் தண்ணீரை ஊற்றிக் கூட்டைக் கழுவினார். வளைந்த கம்பியை முழங்காலில் வைத்து நிமிர்த்தப் பார்த்தார். அது நேராகவில்லை.

“அவன் இதைத் திருப்பிக் கேட்டவனோ?” என்றாள்.

“இல்லை.”

“நீங்கள் அவனோட கதைச்சுப் பாத்தனீங்களோ?”

“என்னத்தைக் கதைக்கிறது? மன்னிப்புக் கேக்கச் சொல்லுறியோ?”

“அதைப் பிறகு பாக்கலாம். இண்டைக்கு நடந்ததைச் சொல்லுங்கோ. அவன்ரை கூட்டைக் கப்பல் கொண்டுபோனதெண்டு சொல்லுங்கோ. உங்களை ஒருத்தர் ஏசினவர் எண்டும் சொல்லுங்கோ. அங்க இப்ப பின்னேரம்தானே.”

சந்திரமௌலி நெடுநேரம் தொலைபேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தங்கைக்குக் கேட்காத தூரத்துக்குப் போனார். கையோடு, கரைக்கு வரும் பெரிய மீனை அள்ளுகிற நீளத்தடி வலையையும் ஏன் எடுத்துக்கொண்டு போனார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கைக்கு ஊன்றிக்கொள்ள ஏதோ வேண்டியிருந்திருக்கும். முதல் தடவை மணி போய் நின்றது. மறுபடி அடித்தார். வலைத்தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றார். பிறகு அவர் முதுகு நிமிர்ந்தது. உதடு அசைவது அங்கிருந்தே தெரிந்தது.

அந்த நேரம்தான் தூண்டில் நுனி வளைந்தது.

சிவானுஜா பொறுத்தாள். நூல் மெல்ல ஓடத் தொடங்கியதும் சுண்டி இழுத்தாள். பாரம். சாண்டர்தான், நல்ல சாண்டர். தலையை உதறிக்கொண்டு அடிக்கே போனது. அவள் விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தாள். முள்ளுச் செட்டையை விரித்து, வயிற்றின் வெள்ளையைக் காட்டிக் கற்களுக்கு முன்னால் புரண்டது. இனி வலை வேண்டும். வழுக்குக் கல்லில் குனிந்து கையால் பிடிக்க முடியாத பருமன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் இப்போது புல்லில் உட்கார்ந்திருந்தார். வலையை மடியில் போட்டு, மற்றக் கையால் காற்றில் ஒரு பெரிய கப்பலின் நீளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்துவிடுவார்.

அவள் குரல் கொடுக்கவில்லை. மீன் இன்னுமொரு முறை புரண்டு தலையை உதறியது. நூல் தொய்ந்தது. தண்ணீரில் ஒரு சுழி மட்டும் மிஞ்சியது.

நெடுநேரத்துக்குப் பிறகு சந்திரமௌலி கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

“ஏதும் கடிச்சதோ?”

“ஓம். பெரிசு. கரைவரைக்கும் வந்திட்டு ஓடிப்போட்டுது.”

“வலை என்னட்டையெல்லோ இருந்தது. என்னைக் கூப்பிட்டிருக்கலாமே பிள்ளை!”

“நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்,” என்றாள் சிவானுஜா. இன்னொரு உளுவையை எடுத்துத் தூண்டிலில் கொழுவினாள்.