புல்லில் ஓர் ஒட்டு

செடிகளைக் கணக்கெடுக்க வந்த அதிகாரியைக் காரிலிருந்து இறங்கும்போதே தையல்காரிக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து மனைக்காரர் வேலிக்கு அப்பால் நின்று வணக்கம் சொல்ல, அந்த அம்மாள் பதிலுக்குச் சிரித்தாள். வேலையாக வந்தவளுக்கு வேலிக்காரரிடம் என்ன சிரிப்பு? அந்த மனுஷர் இந்த இடத்தின் மேல் கண் வைத்திருப்பது ஊரறிந்த விஷயம். அதாவது, தையல்காரி சொல்லிச் சொல்லி ஊர் அறிந்திருந்தது.

"என்னங்க, அவங்க கூடவே நில்லுங்க. இல்லாத செடியை இருக்குன்னு எழுதிடப் போறாங்க."

"நீயே நில்லும்மா. உனக்குத்தான் ஊசி முனைக் கண்ணு," என்றார் கணவர். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

இருந்த வீட்டை விற்றுத்தான் ஆறு மாதத்துக்கு முன் இந்த மனையை வாங்கினார்கள். இப்போது வாடகைக்கு இரண்டு அறை. தையல் மெஷினை நகர்த்தினால்தான் கட்டிலில் ஏற முடியும். இது ஈரநிலம் இல்லை என்று இந்த அம்மாள் எழுதிக் கொடுத்தால்தான் வீடு கட்ட அனுமதி கிடைக்கும். மனையை விற்றவன் வேறு யாருமில்லை, தையல்காரியின் உடன்பிறந்த தம்பி. "உன் தம்பி ஏன் இவ்வளவு சல்லிசாத் தர்றான்?" என்று கணவர் அன்றைக்கு ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்கு அவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதிகாரி ஒரு மரச் சட்டத்தைத் தரையில் வைத்து மண்டியிட்டாள். சதுரத்துக்குள் முளைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினாள்.

"புல்லை விட்டுட்டுக் களையை மட்டும் எழுதறீங்களே மேடம்."

"எல்லாத்தையும்தான் எழுதறேம்மா. கோரை, நாணல், வல்லாரை, இதெல்லாம் ஈரத்துல வளர்றது. பாதிக்கு மேல இதுங்களே இருந்தா யோசிக்கணும். இந்தத் தண்டை உருட்டிப் பாருங்க, மூணு விளிம்பு தெரியும். இது கோரை."

தையல்காரி உருட்டிப் பார்த்தாள். மூன்று விளிம்பு இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

வேலியோரம் வைத்த சதுரங்களில் எல்லாம் கோரைதான். நடுமனைக்கு வந்ததும் பச்சைப் பசேலென்று புல். அவளுக்கு உயிர் வந்தது. "எழுதுங்க மேடம், இதையும் எழுதுங்க," என்றாள். அதிகாரி எழுதவில்லை. வேலியையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தையல்காரி கண்ணில் அது பட்டது. புல்லுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. கொஞ்சம் தள்ளி, குறுக்கே இன்னொன்று. துணியில் ஒட்டுப் போட்டால் எவ்வளவு மறைத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். இது ஒட்டு. மெல்ல நகர்ந்து அந்தக் கோட்டின் மேல் காலை வைத்து நின்றுகொண்டாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

"எனக்குக் கால் வலி."

"அப்ப அந்தக் கல்லு மேல உக்காருங்களேன்."

அவள் கல்லில் போய் உட்கார்ந்தாள். அதிகாரி சின்ன மண்வெட்டியை இறக்கினாள். மேலே நாலு விரற்கடை செம்மண்ணும் புல்லும் பாய் போலச் சுருண்டு வந்தன. அடியில் அறுத்துவிட்ட கோரைத் தூர்கள் அழுகிக் கிடந்தன. அதற்கும் கீழே சாம்பல் நிறக் களிமண், துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகளோடு. குழியில் தண்ணீர் ஊறியது.

"பல மாசம் தண்ணி நிக்கற மண்ணுதான் இப்படி இருக்கும்மா. புல்லை வாங்கிட்டு வந்து மேல விரிச்சிருக்காங்க."

"யாரு விரிச்சது?" என்றார் கணவர். கேட்டது அதிகாரியிடம். பார்த்தது மனைவியை.

"பக்கத்து மனைக்காரராத்தான் இருக்கும்," என்றாள். அடுத்தவன் நிலத்தை அழகுபடுத்த அவருக்கென்ன தலையெழுத்து என்று அவளுக்கே தோன்றியது. கணவர் மறுத்துப் பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவர் குனிந்து அந்தப் புல் பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்? என் தம்பிகிட்டயே கேட்டுடறேன்," என்று போனை எடுத்து, கணவர் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுக்கா."

"டேய், மனையைப் பார்க்க ஆபீஸ்ல இருந்து ஆள் வந்திருக்காங்கடா. என்னென்ன செடி இருக்குன்னு எழுதறாங்க."



"எழுதிட்டுப் போகட்டும்க்கா. நல்ல புல்லுதானே இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தோண்டிக் கீண்டிப் பார்க்கலையே?"

தோண்டுவதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அதிகாரி தன் சட்டத்தை எடுத்துக்கொண்டு நாகரிகமாக நாலடி தள்ளிப் போனாள்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்காக எத்தனை பேரிடம் பொய் சொல்லியிருப்பாள். இன்னொன்று நாக்கு நுனி வரை வந்தது.

"தோண்டிட்டாங்கடா," என்றாள். "மாமா பக்கத்துலதான் நிக்கறாரு. அவருக்கு நீயே பதில் சொல்லு."

போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டாள்.