புத்தகத்துக்குள் ஏலக்காய்

ராக்கு மலையிலிருந்து கொண்டுவந்த புத்தகச் சுமையைப் படிப்பக மேசையில் இறக்கி வைத்ததும் வீரலட்சுமி மேலாக இருந்த புத்தகத்தைப் பிரித்தாள். அதற்குள்ளிருந்து ஒரு ஏலக்காய் உருண்டு மேசையில் விழுந்தது. வீரலட்சுமி சட்டென்று அதன் மேல் கையை வைத்து மூடினாள்.

"என்ன புள்ள இது?"

"அடையாளத்துக்கு வச்சதுக்கா." ராக்கு ஈரக் கம்பளியை உதறிக்கொண்டே சொன்னாள். "எலய வச்சா மழைக்கு அழுகி பக்கத்தோட ஒட்டிக்கிருது. காஞ்ச காய்னா ஒண்ணும் ஆகாது. லயத்துல எல்லாரும் இதத்தான் வைக்கிறோம்."

"எல்லாருமா? அடிப்பாவி!"

அடுத்ததைப் பிரித்தாள். அதில் மூன்று காய். ஒரே புத்தகத்தை மூன்று வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றிப் படித்து, அவரவர் நிறுத்திய இடத்தில் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். என்ன ஒழுங்கு பாருங்கள்! அந்த ஒழுங்குதான் அவர்களைக் கவிழ்க்க இருந்தது.

ஏனென்றால் குரங்கணிக்கு மேலே, மொக்கையன் முதலாளியின் தோட்டத்தில், ஒரு காய் மடியில் அகப்பட்டாலும் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். பானை சட்டியோடு, கூலிக்காரர்களுக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். பொழுது சாய்ந்தால் காவல்காரன் ஒவ்வொருத்தியாக முந்தியை உதறிக் காட்டச் சொல்வான். புத்தகத்தை விரித்துப் பார்க்க அந்த ஆளுக்கு என்றைக்குத் தோன்றப்போகிறது!

அந்த மொக்கையன்தான் போடியில் இருக்கும் இந்தப் படிப்பகத்துக்கும் தலைவர். ஒரு பெஞ்சும் ஒரு பேப்பருமாகத் தொடங்கியது, வீரலட்சுமி வந்தபின் இரண்டு அலமாரியாக வளர்ந்திருந்தது. மலைக்குப் புத்தகம் அனுப்பியதும் அவள் யோசனைதான். இன்றைக்கு மதுரையிலிருந்து நூலக அதிகாரி வருகிறார். மலை ஜனங்கள் நிஜமாகவே படிக்கிறார்கள் என்று அவருக்குத் திருப்தியானால் படிப்பகம் சர்க்கார் கிளை நூலகமாகும், மாதாமாதம் மலைக்கு ஒரு புத்தகப் பெட்டி போகும். இல்லாவிட்டால் பழையபடி பெஞ்சும் பேப்பரும்தான். முதலாளிக்கும் இதில் ஆசை இல்லாமல் இல்லை. வாசல் கல்லில் தன் பெயரை எங்கே வெட்டுவது என்று கொத்தனாரிடம் அளவெடுக்கச் சொல்லியாயிற்று.

தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது.

"வெரசா எடு புள்ள, எல்லாத்தையும் எடு!" வீரலட்சுமி புத்தகங்களைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். உதிர்ந்த காய்களை வாரி முந்தியில் முடிந்தாள்.

"அக்கா, அக்கா, அவுகவுக பக்கம்..."

"வாய மூடு! பக்கமா பெருசு? ஒங்க பொழப்பு பெருசா?"

ராக்கு ஒரு புத்தகத்தை மட்டும் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள். வீரலட்சுமி அதைக் கவனிக்கவில்லை.

அதிகாரிக்கு முன்னால் மொக்கையன் உள்ளே வந்தார். வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன ஆத்தா, ஏலக்காய் வாசம் தூக்குது?"

"பக்கத்துல ஒங்க குடோன் இருக்குல்ல மொதலாளி."

"குடோன் வாசம் எனக்குத் தெரியாதாக்கும்," என்றவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். வீரலட்சுமி முந்தி முடிச்சைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

அதிகாரி உட்கார்ந்து புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் புரட்டப் புரட்ட அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"ஒரு மடிப்புக்கூட இல்லையேம்மா. மேலே போய் அப்படியே திரும்பி வந்த மாதிரி இருக்கு. யாரும் திறந்தே பார்க்கலையோ?"

வீரலட்சுமி முந்தி முடிச்சைத் தடவிப் பார்த்தாள். படித்ததற்கான சாட்சி அவள் முந்தியில் இருக்கிறது. அவிழ்த்தால் லயம் காலி, அவிழ்க்காவிட்டால் நூலகம் காலி. என்ன செய்வாள்? அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"படிச்சோம்யா," என்றாள் ராக்கு.

"எப்படிம்மா நம்புறது?"

ராக்கு கம்பளிக்குள்ளிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தாள். நடுப்பக்கத்தில் நசுங்கிய காய் ஒன்று கிடந்தது.

"எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆடியில ஆரம்பிச்சு இதுவரைக்கும் வந்திருக்கேன்."

மொக்கையனின் முகம் கறுத்தது. "யார் வீட்டுக் காய் இது? என் ஸ்டோர்லயே கைய வச்சிட்டியா? நாளைக்குத் தோட்டத்துப் பக்கம் தலையக் காட்டாத!"

அதற்கு மேல் வீரலட்சுமியால் பொறுக்க முடியவில்லை. முடிச்சை அவிழ்த்து அத்தனை காயையும் மேசை மேல் கொட்டினாள்.

"அவ ஒருத்தி இல்ல மொதலாளி. இம்புட்டும் இந்தப் புத்தகங்கள்ல இருந்து எடுத்ததுதான். லயமே அடையாளத்துக்கு வச்சிருக்கு. நிறுத்துறதுன்னா எல்லாரையும் நிறுத்துங்க. காயெடுப்பு நேரத்துல யார வச்சு எடுப்பீங்கன்னு நானும் பாக்குறேன்."

"இத்தனை பேரா படிக்கிறாங்க!" என்று அதிகாரி குவியலையே பார்த்தார்.

மொக்கையன் அதிகாரியைப் பார்த்தார், காயைப் பார்த்தார், வாசல் கல்லையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு காயை எடுத்து நகத்தால் கீறினார்.

"த்தூ, சொத்தை. என் தோட்டத்துக் காய் இந்த லட்சணத்துலயா இருக்கும்? எங்கயோ கெடந்ததப் பொறுக்கிருக்காக."

முதல் தரக் காய் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

கார் கிளம்பிப் போனதும் வீரலட்சுமி ராக்குவைக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சுட்டோம் புள்ள! பெட்டி வந்துரும், மாசாமாசம் வந்துரும்!"

ராக்கு சிரிக்கவில்லை. குவியலுக்கு முன்னால் குத்தவைத்து ஒவ்வொரு காயாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சரிக்கா. இதுல முனியாயி மதினி வச்சது எது? தவசி அண்ணே எந்தப் பக்கத்துல நின்னாரு? மேல போனதும் கேப்பாகளே, நான் என்னத்தச் சொல்ல?"

வீரலட்சுமி ஒரு காயை எடுத்தாள். ஒரு புத்தகத்தை விரித்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கை அப்படியே நின்றுவிட்டது.