ஒன்பதாவது மாடி லிஃப்ட்

ஹாலில் மகனின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, அவன் அறையில் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டின் பெரிய பொத்தானைப் பன்னிரண்டாவது முறையாகக் குத்தினார்.

திரையில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். மூடிய லிஃப்ட் கதவு, அதற்கு மேல் 9 என்ற எண். குத்தும்போதெல்லாம் எண் லேசாக மின்னி மறுபடி 9 என்றே நின்றது.

"ரெண்டு மணிக்கு வண்டி வந்துடும்ணே," என்று அவருடைய தம்பி அறை வாசலில் நின்று சொன்னார். "இப்பப் போய் விளையாட்டா?"

"அவன் வீட்டுல இருக்கும்போதே பாத்துடறேன்டா."

தம்பி ஹாலுக்குப் போய்விட்டார்.

மகன் மூன்று வருடம் இந்த அறையில் அடைந்து கிடந்து ஒற்றை ஆளாகச் செய்த விளையாட்டு. "அஞ்சு நிமிஷம் பாருங்கப்பா" என்று எத்தனையோ தடவை கேட்டான். ஊரில் நின்றுபோன லிஃப்ட்டையெல்லாம் ஓடவைத்த மனிதருக்குப் பக்கத்து அறைக்கு வர நேரமில்லை. நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்தான். முப்பத்தொரு வயது.

மகள் உள்ளே வந்தாள்.

"ஏம்மா, இது ரிப்பேரா?"

"விளையாடினவங்க எல்லாரும் நெட்டுல அப்படித்தான் எழுதியிருக்காங்கப்பா. லிஃப்ட்டே வரல, வேஸ்ட்டுன்னு. இதத் தாண்டி உள்ள போனது ஏழே பேரு. அந்த ஏழு பேரும் இப்படி ஒண்ண விளையாடினதே இல்லன்னு எழுதியிருக்காங்க."

"திட்டினவங்களுக்கு இவன் என்ன சொன்னான்?"

கைபேசியில் தேடி வாசித்தாள். "எல்லாருக்கும் ஒரே பதில்தான். 'ஒரு தடவ அழுத்தினா போதும், வரும்.'"

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. முப்பது வருடமாக லிஃப்ட் வாசலில் பொறுமையில்லாமல் குத்துகிறவர்களிடம் அவர் சொல்லி அலுத்த வார்த்தை. வீட்டில் சாப்பிடும்போதும் அதையே சொல்லிப் புலம்புவார். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை என்றே நினைத்திருந்தார்.

ஒரே ஒரு தடவை அழுத்தினார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நெடுநேரம் கழித்து எண் 8 ஆனது. பிறகு 7. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டு மகள் ஓடினாள். 6. "அண்ணே, தூக்கணும்," என்றது தம்பியின் குரல். நான்காவது மாடியில் லிஃப்ட் நின்றேவிட்டது. கை பட்டால் மறுபடி ஒன்பதுக்குப் போய்விடும் என்று அசையாமல் இருந்தார்.

கடைசியில் கதவு திறந்தது.

உள்ளே காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள், தோளில் கருவிப் பை. பையின் கனத்தில் இடது தோள் சற்று இறங்கியிருந்தது. இவருக்கும் அப்படித்தான். அந்த ஆள் நகர்ந்து இவருக்கு இடம் விட்டான்.

உள்ளே போக எந்தப் பொத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியவன் ஹாலில் இருந்தான்.

"அப்பா," என்று மகள் கூப்பிட்டாள். "உங்களுக்காகத்தான் நிக்கறாங்க."

லிஃப்ட் கதவு மூடத் தொடங்கியது. பழக்கத்தில் அவர் கையை நீட்டித் தடுத்தார். விரல்கள் திரையில் இடித்தன.