கூட்டிருப்பு ஆள் இல்லாதவர்கள்

தன்னைவிட மூத்தவர்களுக்குப் பாடம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதுவும் நர்சுகளுக்கு. பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் வழியில் ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அதன் பின்புறம் நர்சிங் கல்லூரி. அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் நர்சுகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்க என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். ஸ்லைடு ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், சந்தேகமும் சண்டையும் தமிழில். எல்லோரும் டியூட்டி முடிந்து நேராக வகுப்புக்கு வருகிறவர்கள். நான் வாயைத் திறந்ததுமே ஷைனா கொட்டாவி விடுவாள். எனக்கோ மூக்குநுனியில் கோபம். தூங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

அவர்களில் ப்ளோரன்ஸ் சிஸ்டர்தான் மூத்தவள். அதே ஆஸ்பத்திரியில் சர்ஜரி வார்டின் பொறுப்பு நர்ஸ். ஆபரேஷன் முடிந்த வயசாளிகளுக்கு ஏன் படுக்கைப்புண் வருகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஒரு காரணத்தை மட்டும் பார்த்தால் போதாது, வயசு, சர்க்கரை, எடை, கூட்டிருப்பு, ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நான்.

கூட்டிருப்பு இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நோயாளி படுத்தால் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருத்தர் உட்கார்ந்தே ஆக வேண்டும். துடைப்பது, புண் வராமல் அடிக்கடி திருப்பிப் படுக்க வைப்பது, கடைக்கு ஓடுவது எல்லாம் அவர் தலையில்தான்.

ப்ளோரன்ஸின் டேட்டாவைக் கம்ப்யூட்டரில் போட்டேன். கூட்டிருப்பு என்ற பத்தியை அது ஏற்கவே மாட்டேன் என்றது. திறந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் 'உண்டு'. இல்லை என்று ஒரு ஆள்கூட இல்லை. எனக்கு வந்ததே கோபம். எல்லோருக்கும் ஒரே பதில் என்றால் எதை எதோடு ஒப்பிடுவது, கண்ணை மூடிக்கொண்டா எழுதினீர்கள் என்று வகுப்பில் வைத்தே கேட்டுவிட்டேன்.

ப்ளோரன்ஸ் அசரவில்லை. "ஆளு உண்டு தானே டீச்சர். சொந்தத்துல யாரும் இல்லேன்னா அடுத்த கட்டிலுக்க ஆளு பாத்துக்கிடுவாவ. ஜெனரல் வார்டுல அப்பிடித்தான். ஒருத்தரையும் நாங்க ஆளில்லாம கெடத்த மாட்டோம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஷைனா ஒரு கதையே சொன்னாள். ரப்பர் வெட்டுகிற தாணு என்ற கிழவர், இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். உறவென்று ஒருத்தரும் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரின் மனைவி விஜயம்மா தன் புருஷனைத் திருப்பும்போதெல்லாம் அவரையும் திருப்பினாளாம். விஜயம்மாவைக் கூட்டிருப்பு இல்லை என்று எழுத எந்த நர்சுக்கு மனசு வரும்? நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் கணக்குக்கு அது ஆகாது. வீட்டு ஆள் உண்டா இல்லையா என்று தனியாக வேண்டும் என்றேன்.

ப்ளோரன்ஸ் முகம் சுளிக்காமல் திரும்பக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கல், வெள்ளறடை, காட்டாக்கடை என்று பழைய நோயாளிகளின் வீடுவீடாகப் போய்க் கேட்டாள். போன இடத்தில் எல்லாம் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்ன வைத்தார்கள், இரண்டு சுற்று பெருத்தாள். டேட்டா மட்டும் சுத்தமாக வந்தது.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஓட்டிப் பார்த்தோம். கூட்டிருப்பை மட்டும் போட்டால், வீட்டு ஆள் இல்லாதவர்களுக்குப் புண் அதிகம். ப்ளோரன்ஸின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு எதிர்பார்த்ததும் அதுதான். அப்புறம் நர்சுக்கு எத்தனை நோயாளி என்பதையும் சேர்த்தேன். கூட்டிருப்பின் பங்கு கரைந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. நர்ஸ் கணக்கு மட்டும் மலைபோல நின்றது. விஷயம் இவ்வளவுதான்: ஆளில்லாதவர்கள் எல்லோரும் ஜெனரல் வார்டில் கிடக்கிறவர்கள். ராத்திரியில் நர்ஸ் குறைவதும் ஜெனரல் வார்டில்தான். கூட இருக்க ஆள் உள்ளவர்களில் பலர் காசு கொடுத்து ரூம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஷைனா அன்று கொட்டாவி விடவில்லை. ப்ளோரன்ஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புண்ணு கண்டா நான் வீட்டுக்காரங்களையாக்கும் ஏசுவேன்," என்றாள். "பெத்த தகப்பனத் திருப்பிப் போட நேரமில்லியான்னு. நாங்க பத்தாம போனதுக்கு அவங்கள ஏசியிருக்கேன்."

நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

ப்ளோரன்ஸின் கைடு மோகனன் சார். கல்லூரி முதல்வரும் அவர்தான், நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலியும் உண்டு. முடிவைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கூட்டிருப்பு இல்லாத வயசாளிகளை இனிமேல் சேர்ப்பதில்லை என்று நிர்வாகம் விதி கொண்டுவரப் போகிறதாம், அதற்கு இந்த ஆராய்ச்சிதான் ஆதாரமாம். இரண்டு காரணமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது, பாடப்புத்தகப்படி ஒன்றைத் தூக்க வேண்டும், நர்ஸ் கணக்கைத் தூக்கிவிடுங்கள் என்றார். இதைச் சொல்லும்போது டீ வேறு ஊற்றிக் கொடுத்தார்.

டீயைத் தொடவில்லை. தூக்குகிற அளவுக்கு அவை ஒட்டவில்லை, இரண்டும் உள்ளே இருக்கலாம் என்று காட்டினேன். "ஒண்ணத் தூக்கினா அதுக்க பழி அடுத்ததுக்க தலையில விழும் சார். ஆளில்லாத கிழவன் தலையில விழும். அத நான் செய்ய மாட்டேன்."

ஒப்பந்தக்காரி இவ்வளவு பேசக்கூடாது என்றார். பேசத்தான் சம்பளம் தருகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து ப்ளோரன்ஸைக் கூப்பிட்டார். ஆய்வேட்டைக் கொடுக்குமுன் நடக்கும் கருத்தரங்கில் நர்ஸ் கணக்கு இல்லாமல் காட்டினால் ஆறு மாதத்தில் பட்டம், அதையும் சேர்த்துக் காட்டினால் ஆய்வேட்டில் தன் கையெழுத்தே கிடையாது என்றாராம். ஐந்து வருஷ உழைப்பு. அவள் வீட்டில் எல்லோரும் இப்போதே அவளை டாக்டர் என்று கேலியாகக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். பட்டம் அவளுடையது, பட்ட பாடும் அவளுடையதுதான், இதைக் காட்டு என்று சொல்ல எனக்கென்ன உரிமை?

கருத்தரங்கு நாளில் வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். முன்வரிசையில் நிர்வாகத்தார். ப்ளோரன்ஸ் கஞ்சி போட்ட காட்டன் சேலையில் எழுந்து நின்று, முதலில் கூட்டிருப்பு மட்டும் உள்ள கணக்கைக் காட்டினாள். மோகனன் சார் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் அவள் அடுத்த ஸ்லைடைப் போட்டாள். நர்ஸ் கணக்கு, எல்லாவற்றோடும்.

"இதுதான் முழுசு," என்றாள். "முதல்ல காட்டினது பாதியாக்கும். பாதிய வச்சு யாரையும் ஆஸ்பத்திரி வாசல்ல தடுத்து நிறுத்தக்கூடாது."

பேராசிரியை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். சில கேள்விகள் கேட்டார், ப்ளோரன்ஸ் ஒன்றுக்கும் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள். மோகனன் சார் முகம் சிவந்து எழுந்தார். ராத்திரி ஷிப்டிலிருந்து எடுத்த டேட்டா ரொம்பக் குறைவு, இதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது, நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். ராத்திரி டேட்டா குறைவு என்பது ஒன்றுதான் அன்று அவர் சொன்னதில் நியாயமானது. பேராசிரியையும் ராத்திரி டேட்டா கூடினால் நல்லது என்றுதான் எழுதிவைத்துவிட்டுப் போனார். விதி மட்டும் தள்ளிப்போயிற்று. சபையில் எல்லோரும் பார்த்த கணக்கை மறைத்து வைக்க நிர்வாகத்துக்கு வழியில்லை.

அடுத்த வாரம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தகவல் வந்தது. ப்ளோரன்ஸின் வார்டுப் பொறுப்பைப் பிடுங்கி, வருஷம் முழுக்க ஜெனரல் வார்டில் ராத்திரி டியூட்டி போட்டார்கள். ஷைனா அழுதுகொண்டே எனக்கு போன் செய்தாள்.

நான் ப்ளோரன்ஸைத் தேடிப் போனேன். உதியன்குளங்கரை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். கைடை மாற்றக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன் என்றாள். இந்த வயதில் வருஷம் முழுக்க ராத்திரி முழிக்க வைத்துப் பழி வாங்குகிறானே பாவி என்று நான் மோகனன் சாரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்னை இதுவரை டீச்சர் என்றே கூப்பிட்டவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏன் மக்கா கெடந்து துள்ளுத? ராத்திரி டேட்டா பத்தாதுன்னு அவருதானே சொன்னாரு. இப்ப அவரேயாக்கும் என்னக் கொண்டு அங்க விட்டிருக்காரு. எத்தன பேரு வேணும், சொல்லு. எடுத்துட்டு வாறேன்."