நாலு தாளில் பாகீரதி

1910 ஆனியில் எங்கள் பெண் பாகீரதி நாலு வயசில் விஷ ஜுரத்தில் போனாள். அவள் படம் என்று மிஞ்சியது ஒரே ஒரு கண்ணாடி நெகடிவ். வாய் ஓயாத பெண்ணை "வாயை மூடு, படம் அசையும்" என்று அதட்டி எடுத்தவன் நான். ஹவுரா ரயில்வே ஆபீசில் பாலங்களுக்குப் படம் வரைகிறவன். காமிரா வாங்கிய ஆறே மாதத்தில் கல்கத்தா காளிகாட் தமிழர்களுக்கெல்லாம் புகைப்பட சாஸ்திரம் போதித்துக்கொண்டிருந்தேன்.

"எந்தத் தாளா இருந்தா என்ன, முழுசா ஒண்ணு போட்டுத் தாங்கோ" என்றாள் என் மனைவி ஜலஜா.

ஏதோ ஒரு தாளில் போட்டு, பத்து வருஷத்தில் குழந்தை மங்கிப்போனால்? இன்னொரு தரம் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் பரீட்சையில் இறங்கினேன். தாள் வீணாகக் கூடாதென்று துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு தாளுக்கும் முகத்தில் ஓர் இடம் கொடுத்தேன். முட்டை வெள்ளை பூசிய தாளில் நெற்றி. அழகான செம்பழுப்பு, ஆனால் இந்த ஊர் ஈரத்தில் மஞ்சளாகிவிடும். முட்டை சமாசாரத்தை ஜலஜாவிடம் சொல்லவில்லை. பாலப் படங்களுக்கு நகல் எடுக்கும் நீலத் தாளில் கண்கள். வெயிலில் வெளுக்கும், இருட்டில் வைத்தால் நிறம் திரும்பும். புரோமைட் தாளில் கன்னங்கள், கரி பூசின மாதிரி இருந்தன. பிளாட்டினம் பூசிய தாள்தான் நூறு வருஷம் தாங்கும் என்று தீர்மானித்து லண்டனுக்கு எழுதினேன்.

கப்பல் வருகிறவரை சும்மா இருந்திருக்கலாம். நனைந்தால் பிசினாக ஒட்டுகிற ஜெலட்டின் பூசிய தாள் ஒன்று பாக்கி இருந்தது. வாய்க்கும் மோவாய்க்கும் அதை வைத்து, நெகடிவோடு சேர்த்து இறுக்கிய சட்டத்தை மொட்டை மாடி வெயிலில் சாத்திவிட்டுக் கீழே வந்தேன். பக்கத்து வீட்டு ஸ்ரீனிவாசராகவன் வந்திருந்தான். பிளாட்டினத்தின் சாசுவதத்தைப் பற்றி அவனுக்கு நான் விளக்கி முடிப்பதற்குள் மேலே மழை கொட்டி ஓய்ந்திருந்தது.

தாளும் நெகடிவும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தேன். தாளோடு முகம் முழுவதும் உரிந்து வந்தது. கையில் வெறும் கண்ணாடி.

ஜலஜா திட்டவில்லை. மூன்று துண்டுகளையும் சோற்றுப் பசையால் ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டினாள். கீழே இரண்டு விரற்கடை இடம் விட்டாள்.

"வாய் இல்லையேடி" என்றேன்.

"அந்த வாய் வேண்டாம். நீங்க அதட்டி மூடின வாய். அவ எப்போ வாயை மூடிண்டிருந்தா?"

பிறகு நெற்றித் துண்டைத் தொட்டு, "இது முட்டைதானே?" என்று கேட்டாள். தலையசைத்தேன். அந்த நெற்றியில் குங்குமம் வைத்தாள். கண்கள் வெளுக்காமலிருக்க, அட்டையைப் புடவைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

பிளாட்டினம் தாள் புரட்டாசியில் வந்தது. டப்பாவை இன்னும் திறக்கவில்லை. நூறு வருஷம் தாங்குகிற சாமான், அவசரமில்லை.