முப்பது குடும்பங்களின் கல்

கன் ஹதாஸ் யூதக் குடியிருப்பை நகரமாக அறிவித்த வாரம், எல்கானா ப்ரோட்ஸ்கி ரூமியாவின் வீடு தேடி வந்தான். விழாக் குழுவுக்கு அவன்தான் தலைவன். சிறு வயதில் இதே அடுப்படியில் உட்கார்ந்து, அவள் அம்மா சுட்ட ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன்.

"விழாவுக்கு உங்க ஏமன் ரொட்டி இருபது வேணும், ரூமியா. உன் கை பட்டாத்தான் ருசி."

"சுட்டுத் தர்றேன். சதுக்கத்துல கல்லு வைக்கிறீங்களாமே, அதுல எங்கப்பா பேரு இருக்கா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். "அது நிலம் வாங்கின முப்பது குடும்பத்துப் பேரு. உங்கப்பா ஏமன்லேர்ந்து கூலி வேலைக்கு வந்தவருதானே?"

"எதுடா நிலம்? வெறும் சேறு! இடுப்பளவு சேத்துல நின்னு கால்வாய் வெட்டினது எங்கப்பா. உங்கப்பா குதிரை மேல உக்காந்து பாத்துட்டிருந்தாரு. மலேரியாவுல என் தம்பிங்க ரெண்டு பேரும் போனாங்களே, எதுக்காகப் போனாங்க?"

"கோச்சுக்காத. குழுவுல பேசறேன்."

அவள் நம்பினாள். இரண்டு நாள் மாவு பிசைந்தாள். சப்பாத் ஓய்வுநாளில் உடுத்தும் நல்ல உடையில் சதுக்கத்துக்குப் போனாள்.

கைதட்டலுக்கிடையே கல்லின் திரை விலகியது. பொன்னெழுத்தில் முப்பது பெயர்கள். அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், 'மற்றும் அவர்களுடைய வேலையாட்கள்'.

"சொன்ன மாதிரியே போட வச்சுட்டேன் பாத்தியா?" என்றான் எல்கானா. அவன் முகத்தில் நிஜமாகவே பெருமை இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

விருந்து மேசைக்குப் போய் ரொட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூடையில் போட்டாள்.

"ரூமியா! எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். யாருன்னு கேட்டா வேலைக்காரின்னு சொல்லிக்கோ."

வீட்டில் அந்த ரொட்டி யாருக்கும் இறங்கவில்லை. காய்ந்து கல்லானதும் கோழிகளுக்குப் போட்டாள்.

அடுத்த வருடம் அவள் சந்துக்குத் தார் போட்டார்கள். சுவரில் நீலப் பலகை ஒன்றும் அறைந்தார்கள். 'ப்ரோட்ஸ்கி தெரு.' ஹைஃபாவில் இருக்கும் அக்காவுக்குக் கடிதம் எழுதினால், உறையின் பின்பக்கம் தன் பெயருக்குக் கீழே அந்தத் தெருப் பெயரையும் எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாமல் ஒருமுறை அனுப்பிப் பார்த்தாள். அக்காவின் பதில் வந்து சேரவே இல்லை.