ரெக்சின் பெட்டி

சின்னவள் சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, காலை அகட்டி நின்று, மூச்சைப் பிடித்து இன்னொரு தரம் தூக்கினாள். தரையைவிட்டு ஒரு விரல் அளவு எழும்பியது. ணங்கென்று திரும்ப உட்கார்ந்தது.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சத்தம் கேட்டு அண்ணன் உள்ளே வந்தான்.

“என்னடி பண்றே? அப்பாவ அங்க போட்டுட்டு இங்க சிலிண்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கே?”

“கனக்குதுண்ணா.”

“சிலிண்டர்னா கனக்காம?”

“உள்ள கேஸ் இருந்தாத்தான் இவ்வளவு கனக்கும். அப்பா இத எப்ப மாத்தினார்னு தெரியுமா உனக்கு?”

அண்ணனுக்குத் தெரியாது. அவன் வேறு ஊரில் இருந்தான். அவளும் இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தூரத்தில்தான் இருந்தாள். அம்மா போனபிறகு அப்பா இந்த வீட்டில் தனியாக, தன் கையால் பொங்கித் தின்றுகொண்டு இருப்பதாகத்தான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

“நேத்து போன்ல பேசினேன். நாளைக்கு வரேம்ப்பான்னேன். ‘சாப்பிட்டுட்டு வந்துராத’ன்னார்.”

“அப்படியா சொன்னார்?” அண்ணன் அலமாரியைப் பார்த்தான். “எதை வெச்சுடி சாப்பாடு போட்டிருப்பார்?”

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டான்.

அலமாரி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. டப்பாக்களின் அடியில் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் பருப்பு. பாதி வெங்காயம், வெட்டுப்பட்ட முகத்தைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டு கிடந்தது. எண்ணெய்ப் பாட்டிலின் மூடியில் ஊசியால் போட்ட ஒரே ஒரு துளை. தீப்பெட்டியைத் திறந்தால், குச்சிகள் அத்தனையும் நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, மருந்துத் தலை கொஞ்சம்கூட உதிராமல் வரிசையாகப் படுத்திருந்தன. பஸ் கட்டும் பட்டறையில் காலமெல்லாம் சீட்டுக்கு ரெக்சின் வெட்டிய கத்தியால் அப்பா செய்த வேலை. அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே குஷன்காரர்தான்.

ஜன்னலில் ஒரு காகிதம் விரித்து, அதில் எதையோ சன்னமாக நறுக்கிக் காயப் போட்டிருந்தார். சின்னவள் ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

“பூசணித் தோல்ண்ணா.”

“தோலா?”

“தோலத் தின்னிருக்கார்.”

அண்ணன் அவள் கையிலிருந்து அதை வாங்கினான். என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அம்மாவோட பெரிய பாத்திரம் எங்க? அந்த இறுக்கமான மூடி போட்டது?”

இருவருமாகத் தேடினார்கள். அடுப்பு மேடைக்கு அடியில் இல்லை, பரணில் இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மட்டும் இரண்டு இருந்தது.

“வித்திருப்பார்,” என்றான் அண்ணன்.

சின்னவள் கவிழ்த்திருந்த தட்டுகளைப் பார்த்தாள். அவள் வரும் நாட்களில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா தட்டு வைத்திருப்பார். சோறு ஆவி பறக்கும். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால் அடுப்பு சில்லென்று இருக்கும். ‘எப்பப்பா சமைச்சீங்க?’ என்றால், ‘நான் எங்க சமைச்சேன்? தூங்கப் போட்டேன், தானா எந்திரிச்சு வந்துச்சு’ என்பார். எதைக் கேட்டாலும் ஒரு கோணல் பதில் வைத்திருக்கிற மனுஷன் என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள்.

“மெஸ்ல வாங்கியிருக்கார்ண்ணா. நான் வர்ற அன்னைக்கு மட்டும் சாப்பாடு வாங்கி வெச்சிருக்கார். மத்த நாளெல்லாம் பட்டினி.”

“சும்மா இரு. வெளிய கேக்கப் போகுது.”

முன்னறையில் சித்தப்பா, ஜன்னலோரம் இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு நேர் தம்பி. அவரைக்கொண்டு மூன்று அப்பாக்களைச் செய்யலாம் என்கிற உடம்பு. பெட்டி அப்பா செய்தது. மரச் சட்டம், மேலே மெத்தென்று திண்டு வைத்துக் கருஞ்சிவப்பு ரெக்சின் இழுத்துக் கட்டியது. மதியம் சின்னவள் உள்ளே வந்தபோது அப்பா நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றாமல், ஒரு கையை இந்தப் பெட்டியின்மேல் போட்டபடி இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, வாங்கிவந்த ரொட்டிப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள். அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தபோதுதான் மூச்சு இல்லை என்று தெரிந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காலையிலேயே இதயம் நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார். “சாப்பிட்டிருக்காரா டாக்டர்?” என்று அவள் கேட்டாள். “அதெல்லாம் பார்த்துச் சொல்ல முடியாதும்மா,” என்று அவர் பையை மூடினார். அதிலிருந்து அந்த ஒரே கேள்விதான் அவளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“சித்தப்பா, அந்த நாற்காலிக்கு மாறிக்குங்களேன். முதுகு சாயலாம்,” என்றாள் அண்ணி.

“வேணாம்மா. இந்த வீட்ல உருப்படியா உட்கார இது ஒண்ணுதான் இருக்கு. எங்கண்ணன் கைவேலை.” சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “எனக்கு இடுப்பு வலி உயிர் போகுமில்ல? இதுல உட்கார்ந்ததும் என்னமோ இதமா இருக்கு. கதகதன்னு.”

“ஜன்னல் வெயில் பட்டிருக்கும்.”

“இருக்கும். எங்கண்ணன் உடம்ப விட்டு இறங்கின சூடா இருக்குமோன்னுகூட நினைச்சேன்.” சொல்லிவிட்டுத் தாமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கருமி. படு கருமி. தீக்குச்சியப் பொளந்து பத்த வெக்கிறவன் உலகத்துல எவனாவது உண்டா? ‘அண்ணே, உனக்கு என்ன கொறை, வயிறார சாப்பிடேன்’னா, சிரிப்பான்.”

வாசலில் ஒரு ஆள் தயங்கி நின்றான். காக்கிச் சட்டை.

“நான் இந்தத் தெருவுக்கு சிலிண்டர் போடுறவனுங்க. பெரியவர் என் வண்டி சீட்டத் தைச்சுக் குடுத்தார். காசே வாங்கல.”

உள்ளே வந்து அப்பாவின் காலருகே நின்றான். அவன் திரும்பும்போது சின்னவள் பின்னாலேயே போய்விட்டாள்.

“ஒண்ணு கேக்கணுங்க. எங்கப்பா கடைசியா எப்ப சிலிண்டர் மாத்தினார்?”

அவன் தலையைச் சொறிந்தான். “மறந்தே போச்சுங்க. வீட்டத் தாண்டும்போதெல்லாம் கேப்பேன். ‘இருக்குப்பா, இருக்குப்பா’ம்பார். எங்க ஆளுங்க பேசிக்குவோம், இந்த மனுஷன் சமைக்கிறாரா, காத்தக் குடிச்சுக்கிட்டு இருக்காரான்னு.”

பக்கத்து வீட்டு டீச்சரம்மா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தவர், அங்கேயே நின்றார். “நானும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்மா. காலையில அடுப்பு பத்த வெக்கிற சத்தம் கேக்கும். கொஞ்ச நேரத்துலயே அணைச்சிருவார். டீ போடுவார் போல. அதுக்கப்புறம் அன்னைக்குப் பூரா அந்த வீட்ல அடுப்பு எரியாது. நான் ஏதாச்சும் குடுத்தா, ‘எனக்கு ஆயிடுச்சு டீச்சர்’னு கும்பிடுவார்.”

“ஆயிடுச்சுன்னா?”

“சாப்பாடு ஆயிடுச்சுன்னு. என்னத்த ஆச்சோ.”

அண்ணன் வாசல் மூலையில் போனில் பேசிக்கொண்டிருந்தான். “ட்ரெயின் ஏறிட்டியாம்மா? இல்ல, அதுவரைக்கும் தாத்தாவ வெச்சிருக்க முடியாது. நீ வந்து சேரவே ராத்திரி ஆயிடும். அழாத. ஏதாச்சும் சாப்பிடு.” விடுதியில் தங்கிப் படிக்கிற அவன் மகள்.

பொழுது சாயும் முன் எடுத்தார்கள். தூக்க வந்த நாலு பேரும் கனத்துக்குத் தயாராகக் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா காற்றுபோல் எழும்பி வந்துவிட்டார். சின்னவளின் உள்ளங்கைகளில் சிலிண்டர் பதித்த சிவப்பு வரி இன்னும் இருந்தது. அவள் கையை மூடிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது தெருவிளக்கு போட்டிருந்தார்கள். அண்ணி வீட்டைக் கழுவிவிட்டிருந்தாள். குளித்துத் துவட்டியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்தது. அதை முதலில் சொல்ல எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது.

“மெஸ்ல போய்ப் பார்சல் சொல்லிட்டு வரேன்,” என்றான் அண்ணன். “சித்தப்பா, உங்களுக்கு என்ன?”

“எனக்கு எதுவும் இறங்காதுப்பா.” கொஞ்சம் பொறுத்து, “என்ன கிடைக்குதோ வாங்கு,” என்றார். குளித்த கையோடு வந்து அதே பெட்டியில்தான் உட்கார்ந்திருந்தார்.

“ராத்திரி இங்கதானே படுக்கப் போறீங்க? போர்வை வேணுமே,” என்றாள் அண்ணி. “பீரோவுல ஒண்ணுகூட இல்ல. போர்வையையுமா வித்தார்?”

“இந்தப் பெட்டிக்குள்ள இருக்கும்,” என்றாள் சின்னவள். “எந்திரிங்க சித்தப்பா.”

“உட்கார்ந்தவன எழுப்பாதம்மா.”

“எந்திரிங்க.”

சித்தப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். மூடி இறுக்கமாக இருந்தது. ஓரம் நெடுக அப்பா இரட்டைத் தையல் போட்டுப் பட்டி அடித்திருந்தார். காற்று புக இடமில்லை. சின்னவள் நகத்தை நுழைத்து நெம்பினாள். மூடி பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தத்தோடு வந்தது.

உள்ளே போர்வைகள்தான். வீட்டில் காணாமல்போன அத்தனை போர்வையும். ஆனால் மடித்து அடுக்கியிருக்கவில்லை. பெட்டியின் நாலு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்திருக்க, அதற்குள் போர்வைகளை வட்டமாகச் சுற்றி, நடுவில் ஒரு கூடுபோல் அமைத்திருந்தார். கூட்டுக்குள் அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டர். அதன் இரண்டு கையும் எதையோ சுற்றிவந்து முன்னால் முடிச்சுப் போட்டிருந்தன.

சின்னவள் முடிச்சை அவிழ்த்தாள். கையை உள்ளே விட்டவள் விருட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“என்னடி? பூச்சியா?”

“சுடுது.”

“என்னது?”

“சுடுதுண்ணா.”

அம்மாவின் பாத்திரம். அண்ணன் துண்டால் பிடித்து இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்தான். இறுகியிருந்த மூடியைத் திருகி எடுத்ததும் ஆவி எழுந்து அவன் முகத்தை மறைத்தது. வெந்த பருப்பின் வாசனை அறை முழுக்கப் பரவியது. அரிசியும் பருப்பும் பூசணியும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, குழையாமல், அடியில் கொஞ்சமும் பிடிக்காமல், மஞ்சளாக, விளிம்புக்கு ஒரு கை கீழே வரை நிறைந்திருந்தது.

டீ டம்ளர்களை எடுக்க வந்த டீச்சரம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“யாரு... யாரு இப்ப அடுப்பு பத்த வெச்சது?” என்றாள் அண்ணி.

“யாரும் பத்த வெக்கல. டீச்சர் சொன்னாங்களே, காலையில கொஞ்ச நேரம் எரியும்னு. கொதி வந்ததும் இறக்கி இதுக்குள்ள வெச்சு மூடியிருக்கார்.” சின்னவளின் குரல் அவளுக்கே யாருடையதோபோல் கேட்டது. “மிச்சத்துக்குத் தீ வேண்டாம். அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம அதுலயே வெந்துக்கும். தூங்கப் போட்டேன்னு சொன்னார். அதத்தான் சொன்னார்.”

“தினமுமா?”

“தினமும்.”

“அப்ப அவர் சாப்பிட்டுக்கிட்டுத்தான்...” டீச்சரம்மா முடிக்கவில்லை.

அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, அந்தப் பூசணித் தோல் துணுக்கை எடுத்து, பாத்திரத்தில் இருந்த பூசணியையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான்.

சித்தப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாள் பூரா இதுமேலயா உட்கார்ந்திருந்தேன்?” என்றார். “அவன் அங்க சில்லுனு கிடந்தான். நான் இதுமேல...” பெட்டிக்குள் கையை விட்டு, போர்வைக் கூட்டைத் தடவினார், ஏதோ குட்டி போட்ட பிராணியின் இடத்தைத் தொடுவதுபோல.

சின்னவள் சமையலறைக்குப் போனாள். கவிழ்த்து வைத்திருந்த இரண்டு தட்டையும் எடுத்தாள். அவை காலையிலேயே கழுவித் துடைத்துத் தயாராக இருந்தவை. ஒன்றை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். எப்போதும்போல் சில்லென்று இருந்தது.

“நீ மெஸ்ஸுக்குப் போக வேண்டாம்ண்ணா,” என்றாள் திரும்பி வந்து.

தட்டு போதாமல் கிண்ணத்திலும், டப்பா மூடியிலும் போட்டுக்கொண்டார்கள். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டார்கள். டீச்சரம்மாவையும் விடவில்லை. சித்தப்பா முதல் வாய் வைத்துவிட்டு நீண்ட நேரம் மென்றார்.

“உப்புல மட்டும் அவன் கருமித்தனம் பண்ணல,” என்றார்.

அண்ணி சிரித்தாள். சிரித்தது தவறோ என்று சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கென்று வைத்ததில் அத்தனை பேரும் சாப்பிட்டும் அடியில் இன்னும் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் போடவா சித்தப்பா?”

“போட்டாத் தின்னுருவேன். ஆனா வேணாம். குட்டி வந்துக்கிட்டிருக்கால்ல?”

அண்ணன் மணி பார்த்தான். “ட்ரெயின் லேட்டாம். அவ வர்றதுக்குள்ள ஆறிப் போயிரும்.”

சின்னவள் பாத்திரத்தின் விளிம்பை வழித்துவிட்டு மூடியைத் திருகினாள். ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டி, பாத்திரத்தை அடுப்பில் வைத்து, பிளந்த குச்சி ஒன்றால் பற்றவைத்து, ஆவி வந்ததும் அணைத்தாள். கொண்டுவந்து கூட்டுக்குள் இறக்கி, ஸ்வெட்டரின் கைகளைச் சுற்றி முடிச்சிட்டாள். போர்வைகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்துச் செருகினாள். மூடியை வைத்து அழுத்தினாள்.

சித்தப்பாவுக்கு அன்று இரவு போர்த்திக்கொள்ளப் போர்வை இல்லை. அவர் கேட்கவும் இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். நாற்காலி காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய், மூடியின் ஓரத்தைக் கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்து, அத்தனை பெரிய உடம்பையும் மெல்ல மெல்ல இறக்கி, பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.